ஹார்டுவேர் வாலட்டில் பாஸ்ஃபிரேஸ்: காவலும் கண்ணியும்

2020 ஜனவரி இறுதியில் கிராக்கன் என்ற கிரிப்டோ பரிமாற்றகத்தின் பாதுகாப்பு ஆய்வுக் குழு ஓர் அறிக்கை வெளியிட்டது. பிராக் நகரத்து சதோஷிலேப்ஸ் தயாரிக்கும் டிரெசார் ஒன், டிரெசார் மாடல் டி ஆகிய, கிரிப்டோ சாவிகளைக் காக்கும் ஹார்டுவேர் வாலட்டுகள் பதினைந்து நிமிடம் கையில் கிடைத்தால் போதும், உள்ளிருக்கும் சீட் சொற்களை வெளியே எடுத்துவிடலாம் என்று அது காட்டியது. சிப்புக்குப் போகும் மின்னழுத்தத்தைச் சரியான கணத்தில் தடுமாற வைத்து நினைவகத்தைப் படிக்கும் உத்தி அது. படித்த தகவல் பின் எண்ணால் பூட்டப்பட்டிருந்தாலும், அந்தப் பின் எண்ணைக் கணினியில் வரிசையாக முயன்று கண்டுபிடிக்கச் சில நிமிடங்களே தேவைப்பட்டன. கோளாறு சிப்பின் அமைப்பிலேயே இருந்ததால் மென்பொருள் அப்டேட் கொடுத்துச் சரிசெய்ய வழியில்லை. பயனாளர்களுக்கு கிராக்கன் சொன்ன யோசனைகள் இரண்டு. கருவியை யார் கையிலும் சிக்க விடாதீர்கள், பாஸ்ஃபிரேஸ் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த இரண்டாவது யோசனை இன்று கிரிப்டோ வைத்திருக்கும் எல்லோருக்கும் பொதுவான அறிவுரையாகிவிட்டது. நூறு டாலர் வைத்திருப்பவருக்கும் அதே பேச்சு, வாழ்நாள் சேமிப்பை பிட்காயினில் வைத்திருப்பவருக்கும் அதே பேச்சு. அறிவுரை தவறானது என்று நான் சொல்லவில்லை. அது எந்த ஆபத்துக்கு மருந்து, அந்த மருந்துக்கு என்ன விலை என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. அந்த விலையைக் கொடுத்தவர்கள் பலர், திருடனிடம் இழக்காத பணத்தைத் தங்களிடமே இழந்திருக்கிறார்கள்.

பாஸ்ஃபிரேஸ் வேலை செய்யும் விதம் தெரிந்தால்தான் எடை போட முடியும். 2013இல் எழுதப்பட்ட பிஐபி-39 என்ற தரநிலைதான் இன்றைய வாலட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு அடிப்படை. 2048 சொற்கள் கொண்ட ஒரு பட்டியலிலிருந்து கருவி 12 அல்லது 24 சொற்களை எழுந்தமானமாக எடுத்துக் கொடுக்கிறது. இவையே சீட் சொற்கள். இந்தச் சொற்களை அப்படியே சாவியாகப் பயன்படுத்துவதில்லை. பிபிகேடிஎஃப்-2 என்ற கணக்கின் வழியாக 2048 சுற்று அரைத்து, 512 பிட் நீளமுள்ள ஒரு எண்ணாக மாற்றுகிறார்கள். அந்த எண்ணிலிருந்துதான் எல்லாச் சாவிகளும், எல்லா முகவரிகளும் பிறக்கின்றன. பாஸ்ஃபிரேஸ் என்பது பயனாளரே தேர்ந்தெடுத்து இந்த அரைப்பில் உடன் சேர்க்கும் ஒரு சொற்றொடர். அதில் ஓர் எழுத்து மாறினாலும் வேறொரு எண், வேறொரு வாலட்.

பின் எண்ணுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான். பின் எண் கருவியைக் காக்கிறது. தவறாகப் பலமுறை போட்டால் கருவி தன் நினைவகத்தைத் தானே அழித்துக்கொள்ளும். லெட்ஜர் என்ற மற்றொரு ஹார்டுவேர் வாலட்டில் மூன்று முறை, டிரெசார் ஒன், மாடல் டி கருவிகளில் பதினாறு முறை. சீட் சொற்கள் எழுதிய தாள் ஒருவர் கையில் கிடைத்துவிட்டால் அந்தப் பின் எண்ணுக்கு எந்த மதிப்பும் இல்லை. பாஸ்ஃபிரேஸ் சீட் சொற்களையே காக்கிறது. தாள் கிடைத்தாலும் பணம் கிடைக்காது. அதே நேரத்தில், பாஸ்ஃபிரேஸுக்கு "தவறு" என்ற ஒன்றே கிடையாது. எதைக் கொடுத்தாலும் ஒரு வாலட் திறக்கும். சரியானதைக் கொடுத்தால் உங்கள் பணம் உள்ள வாலட், ஓர் எழுத்து பிசகினால் காலியான வாலட். இரண்டையும் கருவி ஒரே முகத்தோடு காட்டும். பாஸ்ஃபிரேஸின் பலம், பலவீனம் இரண்டுக்கும் வேர் இந்த ஒரே குணம்தான்.

முதலில் பலத்தைப் பார்ப்போம். கிராக்கன் காட்டியது போன்ற சிப் உடைப்புக்கு எதிராக இது மெய்யான காவல், ஏனென்றால் டிரெசாரில் பாஸ்ஃபிரேஸ் கருவிக்குள் சேமிக்கப்படுவதில்லை. இல்லாததை யாரும் திருட முடியாது. லெட்ஜரில் இதைச் சற்றுக் கவனமாகச் சொல்ல வேண்டும். அங்கே பாஸ்ஃபிரேஸை இரண்டாவது பின் எண்ணோடு இணைத்துக் கருவியிலேயே வைத்துக்கொள்ளும் வசதி உண்டு. அப்படி வைத்தால் காவல் மீண்டும் சிப்பின் உறுதியைப் பொறுத்ததாகிவிடுகிறது. ஒவ்வொரு முறையும் தட்டச்சு செய்யும் தற்காலிக முறையில்தான் முழுப் பலன்.

இதைவிடப் பரவலான பலன் வீட்டுக்குள் இருக்கிறது. சிப்பை உடைக்கும் திறமை உள்ளவர்கள் மிகச் சிலர். அலமாரியைத் திறந்து ஒரு தாளைக் கைப்பேசியில் படம் பிடிக்க யாராலும் முடியும். வேலைக்கு வருபவர், வாடகை வீட்டுக்காரர், உறவினர், வீடு மாற்றும்போது பெட்டி தூக்குபவர் என்று அந்தத் தாளைக் கடந்துபோகும் கண்கள் ஏராளம். தாள் தொலைந்தால் தெரியும். படம் எடுக்கப்பட்டால் தெரியாது. இந்த ஆபத்துக்கு நல்ல பாஸ்ஃபிரேஸ் உண்மையான தீர்வு.

அதிகம் பேசப்படாத இன்னொரு பலன், சீட் சொற்களை உருவாக்கிய மென்பொருளே பழுதாக இருந்தால் தெரியவரும். 2023இல் "மில்க் சேட்" என்ற பெயரில் வெளிவந்த கோளாறு இதற்குச் சான்று. லிப்பிட்காயின் எக்ஸ்புளோரர் என்ற கருவித்தொகுப்பு சீட் உருவாக்கியபோது வெறும் 32 பிட் அளவுக்கே எழுந்தமானம் இருந்தது. ஏறத்தாழ 430 கோடி சாத்தியங்கள் மட்டும். கணினிக்கு அது பெரிய எண்ணே அல்ல. அந்த வாலட்டுகளைத் திருடர்கள் துடைத்தெடுத்தார்கள். அது ஹார்டுவேர் வாலட் அல்ல என்பது உண்மைதான். ஆனாலும் கருவி தரும் எழுந்தமானத்தை நாம் கண்ணால் சோதிக்க முடியாது என்பது எல்லா வாலட்டுக்கும் பொருந்தும். நாமே பகடை உருட்டிச் சேர்த்த பாஸ்ஃபிரேஸ் இருந்தால், அந்தப் பழுதுக்கு எதிராக நம் கையில் ஒரு தடுப்பு இருக்கும்.

இந்தப் பலன்கள் எல்லாம் பாஸ்ஃபிரேஸ் வலுவாக இருந்தால் மட்டுமே. வலு என்றால் எவ்வளவு? இங்கே தரநிலையின் மேல் எனக்கு ஒரு குறை உண்டு. பிபிகேடிஎஃப்-2 கணக்கை எஸ்எச்ஏ-512 உடன் பயன்படுத்தினால் 2,10,000 சுற்றாவது வேண்டும் என்று மென்பொருள் பாதுகாப்புக்கு வழிகாட்டும் ஓவாஸ்ப் அமைப்பு 2023இல் பரிந்துரைத்தது. பிஐபி-39 செய்வது 2048 சுற்று, அதில் நூறில் ஒரு பங்கு. கருவிகளின் சிறிய சிப் தாங்க வேண்டும் என்பதால் 2013இல் அந்த எண் ஏற்கத்தக்கதாக இருந்திருக்கலாம். இன்று அதன் சுமை முழுவதும் பயனாளர் தேர்ந்தெடுக்கும் சொற்களின் மேல் விழுகிறது.

கணக்குக்காக, தாளைக் களவாடியவரிடம் வினாடிக்கு 10 லட்சம் முயற்சி செய்யும் ஒரு கிராபிக்ஸ் கார்டு இருப்பதாக வைத்துக்கொள்வோம். இன்றைய உயர்தரக் கார்டுகளுக்கு இது எட்டாத வேகம் அல்ல. ஒரு லட்சம் பெயர்கள், நூறு பிறந்த ஆண்டுகள் என்று சேர்த்தால் ஒரு கோடி சாத்தியம். பத்து வினாடியில் முடிந்துவிடும். பலர் வைக்கும் "மகள் பெயர், பிறந்த ஆண்டு" வகைப் பாஸ்ஃபிரேஸின் ஆயுள் அவ்வளவுதான். எழுந்தமானமாக எடுத்த எட்டுச் சிறிய ஆங்கில எழுத்துகள் ஏறத்தாழ 20,900 கோடி சாத்தியம் தரும். இரண்டரை நாளில் தீரும். பாஸ்ஃபிரேஸை "இருபத்தைந்தாவது சொல்" என்று அழைக்கும் வழக்கத்தை நம்பி, அதே 2048 சொற்களிலிருந்து இன்னும் ஒன்றை எடுத்து வைப்பவர்களும் உண்டு. அதை உடைக்க ஒரு வினாடியின் சிறு பகுதியே போதும்.

பகடை உருட்டிச் சொல் எடுக்கும் டைஸ்வேர் முறையில் ஒவ்வொரு சொல்லும் 7776 சொற்களில் ஒன்று. நான்கு சொற்களை மேலே சொன்ன ஒற்றைக் கார்டு முழுதும் முயல 116 ஆண்டுகள் வேண்டும். நிம்மதியாக இருக்கிறது. அதுபோன்ற கார்டுகள் ஆயிரத்தை வாடகைக்கு எடுத்தால் ஆறு வாரம். பெரிய தொகை உள்ளே இருப்பது தெரிந்தால் அந்த வாடகை கொடுக்கத் தயங்கமாட்டார்கள். ஆறு சொற்களுக்குப் போனால் அதே ஆயிரம் கார்டுகளுக்கு 70 லட்சம் ஆண்டுகள். ஆகவே என் கோடு ஆறு சொற்கள், அதுவும் பகடையால் எடுத்தவை. மனதில் தோன்றிய ஆறு சொற்கள், பாட்டின் அடி, பழமொழி எதுவும் இந்தக் கணக்கில் சேராது. இங்கே நடைமுறைச் சிக்கல் ஒன்றும் உண்டு: டிரெசார் 50 எழுத்துக்கு மேல் ஏற்காது. டிஜிட்டல் உரிமை அமைப்பான ஈஎஃப்எஃப் வெளியிட்ட நீளமான சொற்பட்டியலில் ஒரு சொல் சராசரி ஏழு எழுத்து என்பதால், இடைவெளியோடு சேர்த்து ஆறு சொற்கள் அந்த எல்லையை உரசும். பழைய டைஸ்வேர் பட்டியலில் சொற்கள் குட்டையானவை என்பதால் இந்தத் தொல்லை இல்லை.

இனி விலைக்கு வருவோம். சீட் சொற்களில் ஒன்றைத் தவறாக எழுதினால் கருவி பெரும்பாலும் கண்டுபிடித்துவிடும். 12 சொற்களுக்குள் நான்கு பிட், 24 சொற்களுக்குள் எட்டு பிட் சரிபார்ப்புக்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கின்றன. 24 சொற்களில் ஒன்று மாறினால் 256இல் 255 முறை "இது செல்லாது" என்று சொல்லிவிடும். பாஸ்ஃபிரேஸுக்கு அப்படி எந்தச் சரிபார்ப்பும் இல்லை. பெரிய எழுத்தா சின்ன எழுத்தா, சொற்களுக்கு நடுவே இடைவெளியா கோடா, கடைசியில் தெரியாமல் விழுந்த ஒரு வெற்றிடம் உண்டா என்பதெல்லாம் பத்து ஆண்டு கழித்து நினைவில் நிற்க வேண்டும். முதல் நாள் தட்டச்சில் ஒரு பிழை விழுந்து, அதைக் கவனிக்காமல் பணத்தையும் அனுப்பிவிட்டால், தாளில் எழுதி வைத்த சரியான சொற்றொடர் என்றென்றைக்கும் காலி வாலட்டைத்தான் திறக்கும்.

தமிழர்களுக்கு இதில் தனி வலை ஒன்று இருக்கிறது. நாம் தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதும்போது ழகரத்துக்கும் நெடிலுக்கும் ஆளுக்கொரு எழுத்துக்கூட்டல், ஒரே ஆளுக்கு நாளுக்கொரு எழுத்துக்கூட்டல். அதைப் பாஸ்ஃபிரேஸாக வைத்தால், சொல் நினைவிருந்தும் எழுத்து மறந்த நிலை வரும். தமிழ் எழுத்தையே ஏற்கும் மென்பொருள் வாலட்டில் வைத்தாலும் முழுத் தீர்வு இல்லை. யூனிகோடில் "கொ" என்பதை இரண்டு விதமாகக் குறியிடலாம். தரநிலை அவற்றை ஒன்றாக்கிவிடுகிறது. "ஔவை" என்ற பெயரை ஔகாரத்தில் எழுதுவதும், ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துப் போட்டு எழுதுவதும் திரையில் ஏறக்குறைய ஒன்றாகவே தெரியும். தரநிலை அவற்றை ஒன்றாக்குவதில்லை. இரண்டும் இரு வேறு வாலட்டுகள். பிறர் ஊகிக்க முடியாது என்று எண்ணித் தமிழை நாடுபவர்களுக்கு என் தீர்மானமான எச்சரிக்கை இது: இந்த இடத்தில் வேண்டாம்.

பாஸ்வேர்டு போல இதை நினைத்த நேரத்தில் மாற்றவும் முடியாது. புதிய பாஸ்ஃபிரேஸ் என்றால் புதிய வாலட். பணம் முழுவதையும் கட்டணம் செலுத்தி அங்கே அனுப்ப வேண்டும்.

எல்லாவற்றையும்விடக் கனமான விலை அமைப்பிலேயே இருக்கிறது. சீட் சொற்களும் பாஸ்ஃபிரேஸும் இரண்டும் சேர்ந்தால்தான் பணம். எனவே திருடனுக்கு இரண்டும் கிடைக்க வேண்டும், அது நன்மை. நமக்கும் இரண்டும் வேண்டும். ஒன்று போனாலும் எல்லாம் போயிற்று. வங்கி லாக்கருக்கும் இரண்டு சாவி உண்டு. நம் சாவி தொலைந்தால் வங்கி சாட்சி வைத்துப் பூட்டை உடைத்துக் கொடுக்கும். இங்கே அந்த வங்கி இல்லை. வாரிசுச் சான்றிதழும் நீதிமன்ற ஆணையும் பிபிகேடிஎஃப்-2 கணக்கை அசைக்காது. பாஸ்ஃபிரேஸைத் தன் நினைவில் மட்டும் வைத்திருப்பவர் ஒரு விபத்தில் இறந்தால், அல்லது பக்கவாதத்தில் நினைவு மங்கினால், சீட் தாளைச் சரியாகப் பாதுகாத்த குடும்பம் வெறும் காலி வாலட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கும். அதில் பணமே இருந்ததில்லை போலும் என்று அவர்கள் முடிவுகட்டிவிடவும் கூடும்.

மறதி எவ்வளவு சாதாரணமானது என்பதற்கு ஸ்டெஃபான் தாமஸ் கதை உலகம் அறிந்தது. 7,002 பிட்காயின்களின் சாவியை ஐயன்கீ என்ற மறையாக்கக் கருவியில் வைத்துவிட்டு, அதன் பாஸ்வேர்டை எழுதிய தாளைத் தொலைத்து, பாஸ்வேர்டையும் மறந்தவர் அவர். கணினித் துறையில் ஊறிய நிபுணர். அது பாஸ்ஃபிரேஸ் அல்ல, வேறு வகைப் பூட்டு. என்றாலும் நினைவை மட்டும் நம்ப வேண்டிவந்த பூட்டு எப்படி முடியும் என்பதில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை.

பாஸ்ஃபிரேஸை எங்கே தட்டச்சு செய்கிறோம் என்பதும் பொருட்படுத்த வேண்டியது. டிரெசார் ஒன் கருவியில் அதைக் கணினியின் விசைப்பலகையில் அடிக்க வேண்டியிருந்தது. 2020இல் பிட்பாக்ஸ் வாலட் தயாரிக்கும் ஷிஃப்ட் கிரிப்டோ நிறுவனத்தினர் இதிலிருந்த ஓர் ஓட்டையை வெளியிட்டார்கள். கணினியில் தீய மென்பொருள் இருந்தால், நீங்கள் அடித்ததற்குப் பதிலாகத் தான் விரும்பும் வேறொரு பாஸ்ஃபிரேஸைக் கருவிக்கு அனுப்ப முடியும். கருவி அதை ஏற்று ஒரு வாலட்டைத் திறக்கும். நீங்கள் அதற்குள் பணத்தை அனுப்புவீர்கள். உண்மையான பாஸ்ஃபிரேஸ் திருடனுக்கு மட்டுமே தெரியும். பிறகு பணயத்தொகை கேட்டால் கொடுப்பதைத் தவிர வழியிருக்காது. டிரெசாரும் கீப்கீ என்ற இன்னொரு ஹார்டுவேர் வாலட்டும் இதற்குப் பாதிக்கப்படக்கூடியவையாக இருந்தன. பாஸ்ஃபிரேஸைக் கருவியின் திரையிலேயே காட்டி ஒப்புதல் கேட்பதுதான் அதற்குத் தீர்வு. எதைத் தந்தாலும் ஏற்கும் குணத்தைத் திருடனும் பயன்படுத்த முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடையாது. கருவியிலேயே எழுத்துகளை உள்ளிட முடிந்தால் பாஸ்ஃபிரேஸை அங்கேயே உள்ளிடுவது நல்லது என்பேன்.

பாஸ்ஃபிரேஸின் பெருமையாகச் சொல்லப்படும் ஒன்றை நான் அடியோடு நிராகரிக்கிறேன். கத்தியைக் காட்டி மிரட்டினால் சிறு தொகை உள்ள, பாஸ்ஃபிரேஸ் இல்லாத வெளி வாலட்டைத் திறந்து காட்டிவிட்டு, பெருந்தொகை உள்ள மறைவு வாலட்டைப் பற்றி வாய் திறக்காமல் தப்பிக்கலாம் என்பது அந்த வாதம். ஏமாற்று வாலட்டைப் பற்றி நமக்குத் தெரிந்தது மிரட்டுபவருக்கும் தெரியும். மறைவு வாலட் வைத்திருப்பவர் "இவ்வளவுதான்" என்று சொன்னால் நம்ப வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. அதைவிடக் கொடுமை, மறைவு வாலட்டே இல்லாதவரும் தன்னிடம் அது இல்லை என்பதை நிரூபிக்க முடியாது. இந்த வசதி பரவலாகத் தெரிந்த நாளிலிருந்து, எல்லாவற்றையும் கொடுத்துவிட்டவரையும் தொடர்ந்து வதைக்க ஒரு காரணம் பிறந்துவிட்டது.

மிரட்டுபவர்கள் வெறுங்கையோடு வருவதும் இல்லை. 2020இல் லெட்ஜர் வாடிக்கையாளர்கள் சுமார் 2,70,000 பேரின் பெயர், முகவரி, தொலைபேசி எண் இணையத்தில் கொட்டப்பட்டன. யார் வீட்டில் கருவி இருக்கிறது என்ற பட்டியல் அன்றே வெளியே போய்விட்டது. பிளாக்செயின் எல்லோருக்கும் திறந்த பேரேடு. வெளி வாலட்டிலிருந்து மறைவு வாலட்டுக்கு ஒருமுறை பணம் நகர்ந்திருந்தால் அந்தத் தடம் அங்கே நிற்கும். கணினியிலுள்ள வாலட் மென்பொருள் பழைய முகவரிகளை நினைவில் வைத்திருக்கக்கூடும். 2025 ஜனவரியில் லெட்ஜர் நிறுவனர்களில் ஒருவரான டேவிட் பாலான் பிரான்சில் தன் வீட்டிலிருந்து கடத்தப்பட்டார். கடத்தியவர்கள் அவருடைய விரலை வெட்டினார்கள். காவல்துறை அவரை மீட்டது. அப்படிப்பட்டவர்கள் எதிரே நிற்கும்போது, எது ஏமாற்று வாலட், எது உண்மையானது என்ற நாடகத்தைப் பயந்து நடுங்கும் ஒரு மனிதர் திறம்பட நடத்துவார் என்று நம்பச் சொல்வது பொறுப்பற்ற அறிவுரை. நாம் எத்தனை வைத்திருக்கிறோம் என்பதை யாரிடமும் சொல்லாமல் இருப்பதும், பணத்தை வீட்டிலிருந்தபடி தனியொருவராக எடுக்க முடியாதபடி அமைப்பதும் இதைவிட நல்ல காவல்.

வேறு சில ஆபத்துகளை பாஸ்ஃபிரேஸ் தொடுவதே இல்லை. 2025 பிப்ரவரியில் பைபிட் பரிமாற்றகத்திலிருந்து 150 கோடி டாலர் அளவுக்கு ஈத்தர் பறிபோனது, கையொப்பமிட்டவர்கள் பார்த்த திரையில் ஒன்றும் உண்மையில் கையெழுத்தானது வேறொன்றுமாக இருந்ததால். சாவிகள் திருடுபோகவே இல்லை. பிட்காயினைத் தவிர்த்த பிளாக்செயின்களில் பலர் பணம் இழப்பது இப்படித்தான். போலி வாடிக்கையாளர் சேவை, தபாலில் வரும் போலிக் கருவி ஆகியவை சீட் சொற்களைக் கேட்கும்போதே பாஸ்ஃபிரேஸையும் கேட்கும். கொடுப்பவர் இரண்டையும் கொடுத்துவிடுவார்.

மாற்று என்ன இருக்கிறது? ஆதி ஷமீர் 1979இல் வகுத்த ரகசியப் பகிர்வு முறையை ஸ்லிப்-39 என்ற தரநிலை வாலட்டுகளுக்குக் கொண்டுவந்தது. ரகசியத்தை மூன்று பங்காக்கி, எந்த இரண்டு சேர்ந்தாலும் திறக்கும்படி வைக்கலாம். ஒரு பங்கு திருடுபோனால் திருடனுக்குப் பயனில்லை. ஒரு பங்கு எரிந்துபோனால் நமக்கு இழப்பில்லை. ஒவ்வொரு பங்கிலும் சரிபார்ப்பு உண்டு, எழுத்துப்பிழை மறைந்து நிற்காது. மூன்று தனித்தனிக் கருவிகளில் இரண்டு ஒப்பினால் மட்டும் பணம் நகரும் மல்டிசிக் இதிலும் உறுதியானது, அமைப்பதும் பராமரிப்பதும் கடினம். சீட் தாள் திருட்டு என்ற ஆபத்தைப் பொறுத்தவரை இந்த இரண்டும் பாஸ்ஃபிரேஸ் தரும் காவலைத் தருகின்றன, இழப்புக்கு இடம் கொடுக்காமல். ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஸ்லிப்-39 பங்குகளை எல்லா வாலட்டும் படிக்காது. ஷமீர் பங்கீடு கருவிக்குள் இருக்கும் ரகசியத்தையும் மறைக்காது. சிப் உடைப்பை அஞ்சுபவருக்கு பாஸ்ஃபிரேஸின் இடம் அப்படியே இருக்கிறது.

ஆகவே என் தீர்ப்பு இது. கையிருப்பு சிறியது என்றால் பாஸ்ஃபிரேஸ் வேண்டாம். சீட் தாளைப் பத்திரமாக வையுங்கள், அது போதும். தொகை பெரியது, புதிதாக அமைக்கிறீர்கள் என்றால் முதலில் ஷமீர் பங்கீட்டையோ மல்டிசிக்கையோ பாருங்கள். ஒரே சீட்தான், அது வைத்திருக்கும் இடம் முழு நம்பிக்கைக்குரியது அல்ல, அல்லது பழைய டிரெசார் கருவியைத்தான் தொடர்ந்து பயன்படுத்துகிறீர்கள் என்றால் பாஸ்ஃபிரேஸ் வையுங்கள். அப்போது பகடையால் எடுத்த ஆறு ஆங்கிலச் சொற்கள், சிறிய எழுத்தில், இடைவெளி எப்படி என்ற குறிப்போடு தாளில் எழுதி, சீட் இருக்கும் வீட்டில் அல்லாமல் வேறோர் இடத்தில். ஒரு பிரதி போதாது, இரண்டு. அப்படி ஒன்று உண்டு என்பதும் எங்கே இருக்கிறது என்பதும் குடும்பத்தில் ஒருவருக்காவது தெரிய வேண்டும். நினைவில் மட்டும் வைத்த பாஸ்ஃபிரேஸை எந்தச் சூழலிலும் நான் ஏற்க மாட்டேன்.

பெருந்தொகையை அனுப்பும் முன் மிகச் சிறிய தொகையை அனுப்புங்கள். பிறகு கருவியில் உள்ளதை முழுவதும் அழித்துவிட்டு, தாளில் எழுதியதை மட்டும் வைத்து மீட்டெடுங்கள். அதே முகவரி திரும்ப வந்தால் மட்டும் மீதியை அனுப்புங்கள். வராவிட்டால், பிழை இன்னும் மலிவாக இருக்கும்போதே அதைத் தேடிக் கண்டுபிடியுங்கள்.